மனோராவும் மாயவரமும்

ஊர்ப் பெயர்களை மாற்றுவதா, இருந்தவாறே வைத்துக்கொள்வதா என்னும் வழக்கு நம் நாட்டில் ஓய்ந்தபாடில்லை. வெள்ளையர் காலத்துச் சிலைகளையும் கட்டடங்களையும் காப்பதா, அகற்றுவதா என்னும் வழக்கும் அதனோடு இரட்டைப் பிள்ளையாய்ப் பிறந்து வளர்ந்து வருகின்றது. செய்தித்தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஹஜ்ரத், இதில் நம் மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று நம்மிடம் வினவுவோர் பலர். அவர்கள் எதிர்பார்ப்பது ஆம், இல்லை என்னும் இரண்டில் ஒன்றை. அப்படி ஒரு சொல்லில் அடங்கும் செய்தியன்று இது. அரபும் தமிழுமாகிய இரு மொழிச் சொற்களோடு நெடுங்காலம் பழகியவர் என்ற உரிமையில், நாம் அறிந்த சிலவற்றை இங்கே எழுதுகின்றோம்.

நாம் வாழும் திருவிடைமருதூரிலிருந்தே தொடங்கலாம். மருத மரத்தால் பெயர் பெற்ற ஊர் இது. வடமொழியாளர் இதனை மத்தியார்ச்சுனம் என்றனர். வடக்கே ஸ்ரீசைலம், தெற்கே நெல்லைச் சீமையில் திருப்புடைமருதூர், இவ்விரண்டுக்கும் இடையிலே நின்ற மருது என்பது கோயில் வரலாறு கூறும் விளக்கம். மகாலிங்க சுவாமி கோயிலுக்கு வருவோர் வடமொழிப் பெயரையும் சொல்வர், தமிழ்ப் பெயரையும் சொல்வர். இரண்டிலும் மரம் ஒன்றே. இங்கிருந்து கிழக்கே இரயிலேறினால் ஆடுதுறை, அதற்கப்பால் திருவாவடுதுறை, இன்னும் போனால் மயிலாடுதுறை என்று துறைகளாகவே வரும். மக்கள் ஆற்றில் இறங்கிய இடங்கள் அவை. காவிரிக் கரையில் ஊர்ப் பெயர் என்பது பெரும்பாலும் நீரைப் பற்றிய குறிப்பு. எங்கே இறங்கலாம், எங்கே நீர் தேங்கும், எங்கே மேடு, எங்கே படுகை என்பதைப் பட்டா எழுதுமுன்னரே பெயரில் எழுதி வைத்துவிட்டனர் நம் முன்னோர்.

மயிலாடுதுறையின் கதை பலரும் அறிந்ததே. தேவாரத்தில் மயிலாடுதுறையாய் இருந்த ஊர், வடமொழி வழியே மயூரமாகி, மாயூரமாகி, மக்கள் வாயில் மாயவரமாயிற்று. மயூரம் என்றாலும் மயிலே. 1982-ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். முதலமைச்சராய் இருந்தபோது பழந்தமிழ்ப் பெயரை அரசு மீட்டது. 2020 டிசம்பரில் அப்பெயரிலேயே தனி மாவட்டமும் உருவாயிற்று. ஆயினும் நம் வயதினர் இன்றும் "மாயவரம் போய் வருகிறேன்" என்றுதான் சொல்கின்றனர். யாரும் அவர்களைத் தடுத்ததில்லை. பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய வேதநாயகம் பிள்ளை அவ்வூரில் முன்சீபாய் இருந்தவர்; அவர் இன்றும் மாயூரம் வேதநாயகம் பிள்ளைதான். ஊர்ப் பெயர் மாறியதற்காக அவருடைய பெயரை எவரும் திருத்தப் புகவில்லை. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் இங்கே மீண்டும் வருவோம்.

சென்னை இராச்சியம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14-இல். அதற்காக உண்ணா நோன்பிருந்து சங்கரலிங்கனார் உயிர் நீத்தது 1956-இல். ஒரு பெயருக்காக ஒருவர் உயிரையே கொடுத்த நாடு இது. ஆதலின், பெயரில் என்ன இருக்கிறது என்று எளிதாய்ப் பேசுவோரோடு நாம் உடன்படுவதில்லை. ஆனால் ஆர்வத்தில் வேடிக்கைகளும் நடந்துவிடுகின்றன. 2020 ஜூனில் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் ஆணை வெளிவந்தது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் புதிதாய் அமைந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்துத் தமிழர்களே திகைத்தனர். சில நாள்களிலேயே அரசு அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆங்கிலேயன் வாயில் நுழையாமல் சிதைந்த பெயரைச் சரிசெய்வது நல்ல எண்ணமே. நாற்பது எழுத்து உள்ள அரபு நூற்பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தவர்க்கு அதன் தொல்லையும் தெரியும்.

மக்கள் தாமாகவே செய்யும் பெயர் மாற்றம் ஒன்று உண்டு. அதற்கு ஆணையும் வேண்டுவதில்லை, அரசிதழும் வேண்டுவதில்லை. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்துக்கு அன்றைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைச் சூட்டினர். ஏடுகளில் அந்தப் பெயர் இன்னும் இருக்கின்றது. ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் திறப்பார்களா, குறுவைக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று ஆண்டுதோறும் வானத்தையும் வானொலியையும் மாறிமாறிப் பார்க்கும் நம் தஞ்சைத் தரணி உழவர்களில் ஒருவராவது "ஸ்டான்லி திறந்தாயிற்றா?" என்று கேட்டதுண்டா? கேட்டு நாம் அறியோம். யாரும் எதிர்த்து ஊர்வலம் போகவில்லை. சொல்லாமல் விட்டனர், அவ்வளவே.

விடுவது போலவே எடுத்துக்கொள்வதும் மக்களின் வேலை. வாய்க்கால் தூர்வாரும் முறைக்கு நம் பக்கத்தில் குடிமராமத்து என்று பெயர். 2017-இல் அரசு அத்திட்டத்துக்குப் புத்துயிர் கொடுத்தபோது மூலை முடுக்கெல்லாம் அச்சொல் ஒலித்தது. குடி என்பது தூய தமிழ். மராமத்து என்பது அரபு. பழுது பார்த்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து கிளைத்து, பாரசீகம், உருது வழியாக வந்தது. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போகும் உழவரிடம், "ஐயா, உம் சொல்லில் பாதி எங்களுடையது" என்று நாம் சொன்னால் அவர் சிரிப்பார். அந்தச் சொல் அவருடையதாகிப் பல தலைமுறை ஆயிற்று.

இனி, மார்க்கம் என்ன சொல்கிறது என்ற வினாவுக்கு வருவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெயர்களை மாற்றியிருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. யஸ்ரிப் என்னும் நகரம் மதீனா ஆயிற்று. அப்பழம்பெயரில் பழித்தல் என்னும் பொருளின் சாயல் இருப்பதை உரையாசிரியர்கள் எடுத்துக் காட்டுவர். அபூதாவூத் தொகுப்பில் பெருமானார் (ஸல்) மாற்றிய பெயர்களின் வரிசை ஒன்று வருகின்றது. புழுதி நிறத்துத் தரிசைக் குறிக்கும் பெயருடைய ஒரு நிலத்துக்குப் பசுமை என்று பெயரிட்டார்கள். வழிகேட்டின் கணவாய் என்றிருந்ததை நேர்வழியின் கணவாய் ஆக்கினார்கள். மாறு செய்பவள் எனப் பொருள்படும் ஆஸியா என்ற பெயருடைய பெண்ணுக்கு ஜமீலா, அழகியவள், என்று பெயர் சூட்டியதும் நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. (ஃபிர்அவ்னின் மனைவியார் ஆஸியா அம்மையாரின் பெயர் இதுவன்று, அரபில் எழுத்தே வேறு. தம் பெண்மக்களுக்கு அப்பெயர் சூட்டியோர் கலங்க வேண்டா.) இவையனைத்தையும் ஒரு சேரப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தென்படுகின்றது. சுமந்தவரைத் தலைகுனிய வைத்த பெயர், கேட்டவர் மனத்தை வாட்டிய பெயர், இவை மாற்றப்பட்டன. அயலாருடையது என்பதற்காக ஒரு பெயர் மாற்றப்பட்டதாக நாம் ஓதிய கிதாபுகளில் காணவில்லை.

இன்னொன்றையும் கருத வேண்டும். யஸ்ரிப் என்ற பெயரைத் திருமறை மறைத்துவிடவில்லை. அல்அஹ்ஸாப் அத்தியாயத்தில், நயவஞ்சகரின் கூட்டம் ஒன்று பேசிய பேச்சினூடே அந்தப் பெயர் அப்படியே நிற்கின்றது. நாம் தொழுகையில் ஓதும் வேதத்திலேயே அந்தப் பழம்பெயர் காக்கப்பட்டிருக்கின்றது. பெயரை மாற்றியவர்கள் பெயர் மாறிய செய்தியை மாற்றவில்லை.

பிற்காலத்து வரலாறும் இதற்கு ஒத்தே செல்கின்றது. சஹாபாக்களின் காலத்தில் ஷாம் நாடும் மிஸ்ரும் முஸ்லிம்கள் கைக்கு வந்தன. திமிஷ்க் திமிஷ்க்காகவே நீடித்தது. ஹலபு ஹலபாகவே நீடித்தது. கிரேக்க மன்னன் அலெக்சாந்தரின் பெயர் கொண்ட துறைமுகம் இன்றளவும் அல்இஸ்கந்தரிய்யா. 969-இல் ஃபாத்திமிகள் தமக்கெனத் தலைநகர் வேண்டியபோது ஃபுஸ்தாத்தின் பெயரை மாற்றவில்லை. அதன் பக்கத்தில் அல்காஹிரா என்று புதிய நகரை எழுப்பினர். 1453-இல் கான்ஸ்டான்டிநோபிளை வென்ற உஸ்மானியரோ, தாம் வென்ற கிறித்தவப் பேரரசின் பெயரைக் குஸ்தன்தீனிய்யா என்று தம் நாணயங்களிலேயே நூற்றாண்டுக் கணக்கில் பொறித்து வந்தனர். அந்நகருக்கு இஸ்தான்புல் என்ற பெயர் முறைப்படி நிலைபெற்றது 1930-இல், உஸ்மானிய ஆட்சி மறைந்த பின்னர்.

அவ்வளவு தூரம் போவானேன்! நீடூரைப் பாருங்கள். தேவாரப் பாடல் பெற்ற தலம். மிஸ்பாஹுல் ஹுதா அரபிக் கல்லூரி அமைந்த ஊரும் அதுவே. சக்கராப்பள்ளியும் பாடல் பெற்ற ஊர். முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஊர். ராஜகிரி, வழுத்தூர், பொதக்குடி, அதிராம்பட்டினம் என்று நம்மவர் திரளாய் வாழும் ஊர்களின் பெயர்களை அடுக்கினால், அவற்றுள் அரபுச் சொல் ஒன்றும் அகப்படாது. நம் பாட்டனாரும் பூட்டனாரும் அந்தப் பெயர்களைத் தம் பெயருக்கு முன்னே எழுத்தாய்ச் சுமந்தனர். புகாரி, திர்மிதீ, கஸ்ஸாலி என்று ஊரும் இடமும் குடியும் ஒருவரின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் வழக்கத்தை அரபில் நிஸ்பா என்பர். நம் பக்கத்து மூத்தோரும் அதைத்தான் செய்தனர். தமிழ் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு செய்தனர்.

நிஸ்பா என்றதும் ஒரு துயரச் செய்தி நெஞ்சில் தைக்கின்றது. 2018-இல் அலகாபாத்துக்குப் பிரயாகராஜ் என்று பெயர் மாற்றினர். அதே ஆண்டில் ஃபைஸாபாத் மாவட்டம் அயோத்தி ஆயிற்று. முகல்சராய் இரயில் நிலையம் வேறு பெயர் பெற்றது. பின்னர் மராட்டியத்தில் அவுரங்காபாத்தும் உஸ்மானாபாத்தும் பெயர் இழந்தன. அலகாபாத்தைச் சேர்ந்த உருதுக் கவிஞர் ஒருவர் உண்டு. அக்பர் இலாஹாபாதி என்று உலகறிந்தவர். 2021 டிசம்பரில் உத்தரப் பிரதேச உயர்கல்விப் பணிகள் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் அவருடைய பெயர் திடீரென்று அக்பர் பிரயாகராஜி என்று காணப்பட்டது. எவரோ பக்கத்துக்குள் ஊடுருவிச் செய்துவிட்டனர் என்று விளக்கம் தந்து, பின்னர் சரிசெய்தனர். யார் செய்தால் என்ன? ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் மண்ணறை சேர்ந்த மனிதரின் பெயருக்குள்ளும் புகுந்து திருத்தலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கின்றது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான். மாயவரத்தில் ஒரு மயிலுக்குப் பதில் இன்னொரு மயில் வந்தது. எவரும் எதையும் இழக்கவில்லை. வடக்கே நிகழ்ந்தது அத்தகையதன்று.

நீதியைப் பேசப் புகுந்தவர் முழுதும் பேசிவிட வேண்டும். பிரயாகை என்பது மிகத் தொன்மையான பெயர். கங்கையும் யமுனையும் கூடுமிடத்துக்கு இந்துப் பெருமக்கள் என்றும் சொல்லி வந்த பெயர். அக்பர் பேரரசர் 1583-இல் அங்கே கோட்டை கட்டி இலாஹாபாஸ் என்று பெயரிட்ட பின்னரும் அந்தப் பெயர் அழியவில்லை. பிரயாகை என்ற பெயரிலேயே அந்நகரில் இரயில் நிலையமும் இருந்து வந்தது. நீராட வந்தவர் பிரயாகை என்றனர்; வழக்காட வந்தவர் அலகாபாத் என்றனர். ஒரே ஊரில் இரண்டு பெயர்களும் அடித்துக்கொள்ளாமல் நானூறு ஆண்டுகள் குடியிருந்தன. உயர் நீதிமன்றம் இன்றும் அலகாபாத் உயர் நீதிமன்றமே; பல்கலைக்கழகமும் அப்பெயரையே வைத்திருக்கின்றது. அயலார் பெயர்களை எல்லாம் மாற்றுவதற்கு ஓர் ஆணையம் வேண்டும் என்று தொடுத்த வழக்கை 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நாடு கடந்த காலத்தின் கைதியாய் இருக்கலாகாது என்னும் கருத்தை நீதிபதிகள் அப்போது எடுத்துரைத்தனர்.

அலகாபாத் என்றதும் சென்னையில் நின்ற ஒரு சிலையும் நினைவுக்கு வருகின்றது. 1857 ஜூனில் அந்நகருக்குள் படையோடு புகுந்தவன் ஜேம்ஸ் நீல் என்னும் ஆங்கிலத் தளபதி. மௌலவி லியாகத் அலீ தலைமையில் எழுந்த கிளர்ச்சியை அடக்குவதாகச் சொல்லி, குற்றமுடையவர் அற்றவர் என்று பாராமல் மக்களைத் தூக்கிலிட்டவன். மௌலவி பின்னர் பிடிபட்டு அந்தமானில் உயிர் நீத்தார். நீல் அதே ஆண்டு இலக்னோவில் மாண்டான். சென்னைப் படையைச் சேர்ந்தவன் என்பதால் மவுண்ட் ரோட்டில் அவனுக்குச் சிலை எழுந்தது. 1927-இல் அச்சிலையை அகற்றக் கோரித் தமிழகத் தொண்டர்கள் அறப்போர் நடத்திச் சிறை சென்றனர். 1937-இல் இராஜாஜியின் அமைச்சரவை வந்ததும் சிலை தெருவிலிருந்து எடுக்கப்பட்டு அருங்காட்சியகத்துக்குச் சென்றது. உடைக்கவில்லை, உருக்கவில்லை. மரியாதை செய்யும் இடத்திலிருந்து எடுத்து, விசாரணை செய்யும் இடத்தில் வைத்தனர். மவுண்ட் ரோடு பின்னர் அண்ணா சாலை ஆயிற்று. ஆயினும் ஆளுநர் மன்றோவின் குதிரைச் சிலை இன்றும் தீவுத்திடல் அருகே நிற்கின்றது. அதனை எடு என்று மக்கள் கேட்கவில்லை. வெள்ளையர் இருவரையும் நம் மக்கள் ஒரே தராசில் போடவில்லை என்பது கவனத்துக்குரியது.

நம் தஞ்சைச் சீமையிலேயே இதனினும் சிக்கலான கல் ஒன்று இருக்கின்றது. பட்டுக்கோட்டையிலிருந்து கடற்கரைப் பக்கமாய்ச் சென்றால் மல்லிப்பட்டினத்துக்கு அருகே சரபேந்திரராசன்பட்டினம் என்னும் இடத்தில் நிற்கும் மனோராவையே சொல்கின்றோம். அறுகோண வடிவம், எட்டு அடுக்கு, ஏறத்தாழ 75 அடி உயரம், சுற்றிலும் மதிலும் அகழியும். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. எதற்காகக் கட்டினார் என்பதைக் கல்வெட்டே பல மொழிகளில் சொல்கின்றது. பிரிட்டிஷாரின் நண்பரும் கூட்டாளியுமாகிய தாம், அவர்களுடைய படைகளின் வெற்றியையும் பிரெஞ்சு நாட்டு நெப்போலியனின் வீழ்ச்சியையும் போற்றி 1814-இல் எழுப்பியதாக அது தெரிவிக்கின்றது.

சென்ற ஆண்டு மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம். கல்வெட்டைப் படித்துப் பொருள் சொன்னதும் ஒரு மாணவர் முகம் சுளித்தார். "உஸ்தாத், வெள்ளையனுக்குக் கூழைக் கும்பிடு போட்ட கல் இது. இதை ஏன் காசு செலவழித்துக் காக்க வேண்டும்?" என்றார். வினா நல்ல வினா. அங்கேயே நிழலில் அமர்ந்து விடை சொன்னோம்.

இந்தக் கல்லை விளங்கிக்கொள்ள நம் திருவிடைமருதூருக்கு வர வேண்டும். 1787-இல் துளஜா மன்னர் மறைந்த பின் அவருடைய தம்பி அமரசிங்கைத் தஞ்சை அரியணையில் ஏற்றியவர்கள் கும்பெனியார். 1798-இல் அவரை இறக்கிவிட்டு, துளஜாவின் சுவீகார மகனாகிய சரபோஜியை ஏற்றியவர்களும் அவர்களே. இறக்கப்பட்ட அமரசிங்கு வந்து தங்கிய ஊர் திருவிடைமருதூர். கனம் கிருஷ்ணையர் போன்ற இசைவாணரை ஆதரித்த ஒரு சிறு சமஸ்தானம் இங்கே நிலைத்தது. ஏற்றப்பட்ட சரபோஜியோ, அடுத்த ஆண்டே, 1799-இல், நாட்டின் ஆட்சியைக் கும்பெனியிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தஞ்சைக் கோட்டையோடு நின்றார். ஆக, நாடில்லாத மன்னர், தம் நாட்டை எடுத்துக்கொண்டவரின் வெற்றிக்காகக் கடற்கரையில் எழுப்பிய கோபுரம் அது. ஏடுகள் நூறு படித்தாலும் 'துணைப்படை', 'நட்புடன்படிக்கை' என்ற சொற்களின் உண்மைப் பொருள் இவ்வளவு தெளிவாய் விளங்காது. கல்லை இடித்தால் அந்தப் பாடமும் போய்விடும். சரபோஜி நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்து சரசுவதி மகாலை வளர்த்த பெருந்தகை என்பதையும் உடன் சொன்னோம். மனிதரை ஒரு கல்லால் மட்டும் அளக்கலாகாது.

வீழ்ந்த நெப்போலியன் யார் என்பதும் மாணவர் அறிய வேண்டியதே. திப்பு சுல்தானுக்கு 1799 ஜனவரியில் காஹிராவிலிருந்து கடிதம் எழுதியவன் அவன். அதனால் நம்மவருள் சிலருக்கு அவன்மேல் ஒரு பரிவு உண்டு. ஆனால் 1798-இல் மிஸ்ருக்குள் புகுந்தபோது, தான் இஸ்லாத்தின் நண்பன் என்று அரபியில் அறிக்கை விட்ட அவனுடைய குதிரைப்படைதான், அதே ஆண்டு அக்டோபரில் அல்அஸ்ஹர் பள்ளிக்குள் நுழைந்தது. அக்காலத்து வரலாற்றாசிரியர் அல்ஜபர்த்தி அவ்வறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பொய்களோடு அதன் இலக்கணப் பிழைகளையும் ஒவ்வொன்றாய்ச் சுட்டிக் காட்டினார். படையெடுத்து வந்தவனிடம் வேற்றுமை உருபைத் திருத்திய அந்தப் பெரியாரை நினைக்கும்போதெல்லாம், அரபு இலக்கணம் கற்பிக்கும் நமக்கு உள்ளூர ஓர் உவகை எழுவதுண்டு.

இனி அந்தப் பெயர். அரபியில் நூர் என்பது ஒளி. நார் என்பது நெருப்பு. அதே வேரிலிருந்து ஒளி வைக்கும் இடத்தைக் குறிக்க வந்த சொல் மனாரா. விளக்குத் தண்டும் மனாரா, கலங்கரை விளக்கமும் மனாரா, பள்ளிவாசலின் பாங்கு கோபுரமும் மனாரா. அச்சொல் மராத்தியில் மனோராவாகி, கோபுரம் என்ற பொருளில் வழங்குகின்றது. மராத்தி பேசிய மன்னர் கட்டியதால் தமிழ்க் கரையில் அது மனோரா ஆயிற்று. நாகூரில் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங்கு கட்டித் தந்த பெரிய மினாராவும் பெயரளவில் இதற்கு உடன்பிறப்பே. ஆங்கிலேயர் வெற்றிக்குச் சாட்சியாய் எழுந்த தூணுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் ஒட்டவில்லை. கல்வெட்டின் புகழுரையை மக்கள் மறந்தனர். ஒளியின் பெயரை வைத்துக்கொண்டனர். "நம் மொழிச் சொல்லைத் தாங்கி நிற்கிறதே, இதையா இடிக்கச் சொல்கிறீர்?" என்று கேட்டதும் அம்மாணவர் சிரித்தார். சுவர்களில் ஆணியால் தம் பெயரையும் காதலியின் பெயரையும் கீறிச் சென்றவர்களின் கைவண்ணத்தை அவரே எழுந்து சென்று பார்த்து, இதனை முதலில் தடுக்க வேண்டும் என்றார். நமக்கும் அதுவே கருத்து.

மாற்றியே தீர வேண்டிய பெயர்களும் நம் பக்கத்தில் உண்டு. ஊருக்கு வெளியே ஆதிதிராவிட மக்கள் வாழும் பகுதியைக் காலனி என்று சொல்லும் வழக்கம் இந்த வட்டாரத்தில் ஊறிப் போயிருக்கின்றது. வெள்ளையர் விட்டுச் சென்ற சொல் அது. நகரங்களில் செல்வர் குடியிருப்புக்கும் அதே சொல் உண்டு என்றாலும், சிற்றூரில் அதன் பொருள் வேறு. நம்மிடம் மாலையில் தமிழ் படிக்க வரும் ஒரு சிறுவர், விண்ணப்பத்தாளில் முகவரி எழுதும்போது கதவு எண்ணையும் அஞ்சலையும் எழுதிவிட்டு நடுவில் உள்ள வரியை விட்டுவிட்டார். மறதியோ என்று கேட்டோம். தலை நிமிரவில்லை. கீறிப் பார்க்க வேண்டாத புண் என்று நாமும் விட்டுவிட்டோம். 2025 ஏப்ரல் 29 அன்று, காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் வழக்கிலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆஸியாவை ஜமீலாவாக்கிய பெருமானார் (ஸல்) அவர்களின் உம்மத்தினராகிய நாம் இதனை மனமார வரவேற்கின்றோம். நீலின் சிலையை அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது போல, இந்தச் சொல்லை அகராதிக்கு அனுப்பலாம்.

ஊராருக்குச் சொல்வதை நம் வீட்டாருக்கும் சொல்ல வேண்டியிருக்கின்றது. பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளிவாசலை ஒட்டிய தெரு ஒன்று, குளத்தின் பெயரால் நெடுங்காலமாய் வழங்கி வருகின்றது. குளத்தைத் தூர்த்துக் கடைகள் கட்டி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. வெளிநாட்டில் பொருள் ஈட்டித் திரும்பிய இளைஞர் சிலர், குளமே இல்லாத தெருவுக்குக் குளத்துப் பெயர் எதற்கு, மதீனா நகர் என்று வைப்போம் என்று ஜமாஅத்தில் முறையிட்டனர். மதீனா என்னும் சொல்லின்மேல் யாருக்குத்தான் ஆசை இராது! கூட்டத்துக்கு நம்மையும் அழைத்திருந்தனர். நாம் சொன்னது இரண்டு செய்திகள். ஐப்பசி மழையில் உங்கள் வாசலில் மட்டும் முழங்கால் அளவு நீர் நிற்கின்றதே, ஏன் என்று பேரப் பிள்ளைகள் கேட்டால், அந்தப் பழம்பெயர் ஒன்றுதான் விடை சொல்லும். அதனையும் தூர்த்துவிட்டால் குளம் இரண்டாம் முறை தூர்ந்துவிடும். மற்றொன்று, அந்தத் தெருவில் நம்மவர் மட்டும் குடியிருக்கவில்லை. கோடியில் நெசவுத் தொழில் செய்யும் நான்கு குடும்பங்கள் நமக்கு முன்னிருந்தே இருக்கின்றன. அவர்களைக் கேட்டீர்களா? அலகாபாத்துக்காக வருந்தும் நாம் அந்த நான்கு வீட்டைக் கேளாமல் பலகை மாற்றினால், நம் வருத்தத்தை யார் மதிப்பார்?

கூட்டத்தில் சற்று நேரம் பேச்சில்லை. பின்னர் மூத்தவர் ஒருவர், குளம் வெட்டியவர் யார் என்று தெரியுமா என்று கேட்டார், எவருக்கும் தெரியவில்லை. பழைய பத்திரங்களைப் பார்த்துவிட்டு வருவதாக ஜமாஅத் செயலாளர் சொன்னார். இளைஞருள் ஒருவர், எந்தப் பெயராயினும் புதிய பலகைக்கு ஆகும் செலவு தம்முடையது என்று ஏற்றுக்கொண்டார். நெசவாளர் வீடுகளுக்குச் சென்று கேட்டு வரும் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கின்றது. வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மீண்டும் கூடுகின்றனர்.